ஒரு பாட்டையும் ஒத்துக்கொள்ளாத சர்வேயர்

ஞாயிற்றுக்கிழமை காலை, மீசையின் வலது பாதிக்கு மை பூசி முடித்து இடது பாதிக்குப் போகும் நேரத்தில் நடுவர் ஐயாவிடமிருந்து போன் வந்தது. அன்று மாலை ஒலக்கூரில் எங்களுக்குப் பாட்டுமன்றம் இருந்தது. மேடை இருக்கிற நாளில்தான் நான் மீசையைக் கவனிப்பது. மற்ற நாட்களில் அதைப் பார்க்க விழுப்புரத்து வீட்டில் ஆளில்லை. பேரனைப் பார்த்துக்கொள்வதற்காக மகள் வீட்டுக்குப் போன என் மனைவி, அங்கேயே ரேஷன் கார்டு வாங்கிவிடுவாளோ என்கிற அளவுக்குத் தங்கிவிட்டாள்.

"தட்சணா, நம்ம ஏழுமலை விடிகாலையில போய்ட்டாருப்பா" என்றார் நடுவர்.

நடுவர் எதையும் இரண்டு பக்கமும் சொல்லிப் பழகியவர். வீட்டில் உப்புமா நன்றாக இருக்கிறதா என்று கேட்டால்கூட இரு அணியினர் வாதத்தையும் எடுத்துரைத்துவிட்டுத்தான் தட்டைத் தள்ளுவார். அதனால் இந்தச் செய்திக்கும் மறுபக்கம் ஒன்று வரும் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. பாதி மீசையோடு திண்டிவனம் பஸ் ஏறினேன்.

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் கோயில் திருவிழாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களுக்கு ஏழுமலையைத் தெரிந்திருக்கும். "எண்பதுகளின் திரைப்பாட்டு காலத்தை வென்றதா, காலத்தோடு சென்றதா" என்ற தலைப்பில் எங்கள் குழு பேசாத ஊர் இந்த மாவட்டத்தில் குறைவு. இடையிடையே பாடவும் செய்வோம், பக்கத்தில் கீபோர்டுக்காரர் இருப்பார். நான் "வென்றது" அணி. அவர் "சென்றது" அணி. நான் பேசினால் விசில் வரும். அவர் பேசினால் பின்வரிசையில் யாராவது எழுந்து வேட்டியை மடித்துக் கட்டுவார்கள்.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்த கதையே வேறு. திண்டிவனத்தில் ஒரு திருவிழா. "சென்றது" என்று பேச வேண்டியவர் கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். அந்தப் பாட்டுகளைத் திட்டிவிட்டு ஊருக்குள் தலைகாட்ட முடியாது என்று அவர் மனைவி சொன்னதுதான் அந்தக் காய்ச்சல் என்பது பிறகு தெரிந்தது. நடுவர் வேறு வழியில்லாமல் சபையைப் பார்த்து, யாராவது பேச வருகிறீர்களா என்று கேட்டார். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்ட ஒரு மனிதர் மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்தார். தாலுகா ஆபீசில் சர்வேயர் என்றார்கள்.

"நான் பேசறேங்க. எனக்கு நெஜமாவே அப்படித்தான் தோணுது" என்றார்.

எங்கள் தொழிலில் யாரும் சொல்லக்கூடாத வாக்கியம் அது. கொடுத்த பக்கத்தைப் பேசிவிட்டு, மறுவாரம் வேறு ஊரில் எதிர்ப்பக்கத்தைப் பேசுகிறவர்கள் நாங்கள். மாமியாரே என்றும் மருமகளே என்றும் ஒரே மாதத்தில் இரண்டு ஊரில் கண்ணீர் விட்டிருக்கிறேன். நிஜமாகவே தோன்றுகிறது என்று ஒருவர் மேடையேறியதில் நடுவருக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் எனக்குத் தொழில் துரோகம் செய்தார். நான் பேசும்போது வறுத்த வேர்க்கடலையை, எங்கள் ஊர் மல்லாட்டையை, உரிப்பார். சாதாரணமாக அல்ல, மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. நான் ஒரு நகைச்சுவையை ஊதிப் பெரிதாக்கி, சபை மூச்சைப் பிடித்திருக்கும் அந்த நொடியில் 'பட்'டென்று ஒரு ஓடு உடையும். சிரிப்பு அவருக்குப் போய்விடும். கேட்டால், "உன் ஜோக்கு எங்க முடியுதுன்னு எனக்கு மனப்பாடம்யா. வேற எங்கனா முடி, நான் உரிக்க மாட்டேன்" என்பார்.

ஓமந்தூரில் நடந்ததை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் பேச எழுந்ததுமே கூட்டம் கத்த ஆரம்பித்தது. ஏழுமலை கோபப்படவில்லை. அந்தப் பத்து வருஷத்தில் வந்து ஓடாமல் போன படங்களின் பாட்டில் ஒன்றை யாராவது பாடுங்கள், நான் இப்போதே தோல்வியை ஒத்துக்கொண்டு இறங்கிவிடுகிறேன் என்றார். சத்தம் அடங்கியது. கீபோர்டுக்காரர் மேலே பந்தலைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"மொத்த ஏரியில நாலு மடைதான் உங்க கையில கீது. அந்த நாலு மடையக் காட்டி ஏரி முழுசுக்கும் பட்டா கேக்கறீங்க. மீதியெல்லாம் குப்பையா இருந்துது. அந்தக் குப்பைய நானும்தான் கேட்டேன், நீங்களும்தான் கேட்டீங்க."

அன்றைக்கும் தீர்ப்பு எங்கள் பக்கம்தான். எந்த ஊரிலும் எங்கள் பக்கம்தான். வேறு தீர்ப்பு சொன்னால் நடுவருக்குச் சாப்பாடு கிடைக்காது. ஆனால் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு கீழே இறங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை இருந்தது. ஊர் முழுக்க ஆமாம் என்றாலும் இந்த ஒரு மனிதர் ஆமாம் சொல்லவில்லை. முழுப் பத்து வருஷமும் வேண்டாம், ஒரே ஒரு பாட்டை அவர் ஒத்துக்கொண்டால் போதும் என்று ஆகிவிட்டது. அதற்காக நான் தேர்ந்தெடுத்தது, நடுவில் புல்லாங்குழல் தனியாக வந்து போகும் ஒரு பாட்டு. எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் அதற்கும் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுவீர்கள்.

அவருடைய வாதம் கடைசிவரை ஒன்றுதான். சர்வேயர் புத்தி.

"நெலத்துக்காரன் கையிலயே சங்கிலியக் குடுத்து நெலத்த அளக்கச் சொன்னா அது அளவையா? அந்தப் பாட்டு வந்தப்போ உனக்குப் பதினாறு வயசு. நீ அழுவறது பாட்டுக்கா, பதினாறுக்கா? அந்தப் புல்லாங்குழல்ல எவளோ ஒருத்தி பஸ் ஏறிப் போய்க்கினு இருக்கா. அவள எறக்கி உட்டுட்டுக் கேளு. அப்புறம் பேசு."

அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதும், அவள் போனது பஸ்ஸில், திருக்கோவிலூர் பஸ்ஸில், என்பதும் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பதிலுக்கு, உமக்கும் அப்போது இளவயதுதானே என்று மடக்கினேன். "ஆமா. அதனாலதான் என் காதையும் நான் நம்பறதில்ல" என்றார். அவர் தன் சாட்சியையும் சேர்த்தே தள்ளுபடி செய்திருந்தார். இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

பதினாறு வயதும் திருக்கோவிலூர் பஸ்ஸும் இல்லாத காது ஒன்று கிடைத்தால் வழக்கு முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. வெளிநாட்டுக் காது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சமா? ஒருநாள் காலை அவரைக் கிளப்பிக்கொண்டு, வெள்ளைக்காரர்கள் குடியேறி வாழும் குயிலாப்பாளையம் போனேன். டீக்கடை பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, எழுபது வயதிருக்கும், சைக்கிளைச் சாய்த்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் செலவழித்து, கையால் காற்றில் புல்லாங்குழல் வாசித்துக் காட்டி, ஒரு பாட்டுக் கேட்க முடியுமா என்று வேண்டிக்கொண்டேன். அவர் தலையசைத்தார். செல்போனில் போட்டேன்.

புல்லாங்குழல் வரும் இடத்தில் அந்த அம்மாவின் கண் கலங்கியது. நான் ஏழுமலையைப் பார்த்தேன். அப்படி ஒரு பார்வை அதற்கு முன்னும் பின்னும் நான் யாரையும் பார்த்ததில்லை. அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு தடுமாற்றம் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். வாயைத் திறக்கப்போகிறார், ஒத்துக்கொள்ளப்போகிறார் என்று நான் காத்திருக்கும்போது அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்ல தமிழில் பேசினார்.

"நாங்க வந்த புதுசுல இந்தக் கடையில எப்பப் பாத்தாலும் இதேதாங்க ஓடிக்கினு இருக்கும். எங்க வூட்டுக்காரருக்கு உசுரு. அவரு போய் ஆறு வருஷமாச்சு."

நான் செல்போனை அணைத்தேன். ஏழுமலை என்னைக் கேலி செய்யவில்லை. அந்த அம்மாவுக்கு இன்னொரு டீ சொன்னார். அவர் வீட்டுக்காரரைப் பற்றி விசாரித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது பைக்கின் பின்னாலிருந்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "பாவம்யா, அந்தம்மாவும் நம்ம ஜாதிதான்." பாட்டைத் தன் வாழ்க்கையிலிருந்து பிரித்தெடுக்க முடியாதவர்களின் ஜாதி என்று நான் புரிந்துகொண்டேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது, போன மாதம், திண்டிவனத்தில் அவர் வீட்டில். உடம்பு இளைத்திருந்தது. வீட்டுக்குள்ளும் சட்டை உள்ளேதான் இருந்தது, ஆனால் பெல்ட்டில் கடைசி ஓட்டையும் போதாமல் புது ஓட்டை போட்டிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள் என்று குறைப்பட்டார். ஆபீசில் இருந்த காலத்தில் ஒவ்வொரு வரப்புக்கும் நாலு பேர் அவரோடு சண்டைக்கு வருவார்களாம். இப்போது மருமகள்கூட, மோர் புளிக்கிறது என்றால் ஆமாம் மாமா என்கிறாளாம், புளிக்கவில்லை என்றாலும் ஆமாம் மாமா என்கிறாளாம்.

நான் அவருக்குத் தலையாட்டவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தேன். ஒன்றே ஒன்று, ஒரே பாட்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன், ஒத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இல்ல தட்சணா. நீயும் போவணும், நானும் போவணும், அந்தப் பாட்ட அன்னிக்குக் கேட்டவன் எல்லாரும் போயிடணும். அதுக்கப்புறம் எவனோ ஒருத்தன், நம்மளத் தெரியாதவன், அதக் கேட்டுட்டு வேலைய உட்டுட்டு நின்னான்னா அப்ப அது நெலச்சி நின்னுடுச்சின்னு அர்த்தம். அத நாம பாக்க முடியாது. அதான் இதுல ஒரே பேஜாரு."

தீர்ப்பு தெரிந்துகொள்ள எங்களுக்கு வழியே இல்லை என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை. வாசல்வரை வந்து, அடுத்த தடவை வறுத்த மல்லாட்டை வாங்கி வரச்சொன்னார். டாக்டர் அவித்ததுதான் சொல்லியிருக்கிறாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். என் மீசையைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் உள்ளே ஐஸ் பெட்டியில் இருந்தார். ஸ்பீக்கர் கட்டுகிறவர் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன பாட்டுப் போடுவது என்று ஏழுமலையின் மகனைக் கேட்டார். மகனுக்குத் தெரியவில்லை. ஏழுமலையின் மனைவி கோமதி அண்ணி என்னைப் பார்த்தார்.

"தம்பி, உங்களுக்குத்தான் தெரியும். பாட்டு பாட்டுன்னு உங்களோடதானே சுத்திக்கினு இருந்தாரு. அவருக்கு எது புடிக்கும்னு சொல்லுங்க, அதப் போடச் சொல்றேன்."

வாசகர்களே, நான் யோக்கியன் இல்லை. பட்டிமன்றத்துக்காரன். அந்தப் புல்லாங்குழல் பாட்டின் முதல் வரி என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. நான் சொன்னால் போதும். திண்டிவனம் முழுக்கக் கேட்கும்படி அது பாடும். ஏழுமலைக்கு உயிர் என்று ஊர் பேசும். எதிர்த்துப் பேச அவர் எழுந்து வரப்போவதில்லை. இத்தனை வருஷமாக நான் கேட்ட ஒரே ஆமாம், அவர் மனைவியின் கையிலிருந்து கிடைக்கிறது. ஐஸ் பெட்டியைப் பார்த்தேன். அவருக்குச் சட்டையை வெளியே விட்டிருந்தார்கள்.

"எதுவும் போட வேணாம் அண்ணி" என்றேன்.

அண்ணி ஸ்பீக்கர்காரரிடம் வேண்டாம் என்று கையை அசைத்தார். சாவு வீட்டில் சத்தமில்லை என்று தெருவில் முணுமுணுத்தார்கள். வசதியான குடும்பம், இதற்குக்கூடவா கஞ்சத்தனம் என்று ஒரு பெரியவர் என் காதுபடவே சொன்னார். மாலையில் எடுக்கும்வரை அந்த வீட்டில் மின்விசிறிச் சத்தமும் அழுகையும் மட்டும்தான் கேட்டன.

திரும்பும் பஸ்ஸில் டிரைவர் பாட்டுப் போட்டிருந்தார். எங்கள் ரூட்டில் எண்பதுகளைத் தாண்டி எந்த டிரைவரும் வருவதில்லை. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அந்தப் பாட்டே வந்தது. முன் சீட்டில் இருந்தவர் தொடையில் தாளம் போட்டார். புல்லாங்குழல் வந்ததும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள், நல்ல பாட்டு இல்லீங்களா, கேட்டாலே அழுகை வருது என்று அன்பாகச் சொன்னார். ஆமாம் என்றேன். அதுதான் நான் அன்றைக்குச் சொன்ன பொய்.

ஒலக்கூர் பாட்டுமன்றத்தை இரண்டு வாரம் தள்ளிவைத்து நடத்தினோம். "சென்றது" அணிக்கு ஒரு கல்லூரி ஆசிரியரைப் போட்டிருந்தார் நடுவர். மிகவும் மரியாதையானவர். அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று தொடங்கினார், நியாயம் இருக்கிறது என்றே முடித்தார். நான் பேசும்போது கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் நகைச்சுவைகள் எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்தன, எல்லாச் சிரிப்பும் எனக்கே வந்தது. அவ்வளவு தனியாக நான் மேடையில் நின்றதில்லை.

ஏழுமலையிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒரு "இல்ல" மட்டும்தான். வீட்டில் ஒரு பேச்சு எழுதி, பிரமாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும், அவர் குரலில் ஒரு தடவை "இல்ல" என்று சொல்லிப் பார்க்கிறேன். பெரும்பாலும் அதுதான் சரியாக இருக்கிறது. அந்தப் பாட்டைப் பற்றி மட்டும் இனி நான் எந்த மேடையிலும் பேசுவதாக இல்லை. அவர் ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாத பாட்டில் அவரையே குடிவைத்துவிட்டேன். அதைக் கேட்டு அழுதால் அது யாருக்கான அழுகை என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். இந்த அழுகையைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவர் சொல்லியிருப்பார், முன்பென்றால் நான் மறுத்துச் சண்டை போட்டிருப்பேன். இப்போது இந்த ஒரு வாதத்தில் நாங்கள் இருவரும் ஒரே பக்கம். எதிர்ப்பக்கத்தில்தான் ஆளில்லை.