ஒரே நாளில் லீவு

எனக்கு ஒரகடத்தில் வேலை, தங்கைக்கு ஓசூரில். இரண்டு கம்பெனியிலும் வாசலிலேயே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். ஷிப்டும் ஒத்துவராது. அதனால் எங்கள் பேச்சு முழுக்க வாய்ஸ் மெசேஜில்தான். அவள் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து சூப்பர்வைசரைத் திட்டி அனுப்புவாள். நான் பென்னலூர் வீட்டில் அரிசி களைந்துகொண்டே கேட்டுவிட்டு, அவளைத் திட்டி அனுப்புவேன். இன்று போட்ட சண்டைக்கு நாளைக்குத்தான் பதில் வரும்.

போன வாரம் இருவருக்கும் ஒரே நாளில் லீவு கிடைத்தது. ஆசையாகப் போன் போட்டேன்.

"இன்னாக்கா, துன்னியா?"

"ஆச்சு. நீ?"

"ம்."

"அப்புறம்?" என்றேன்.

"நீதான் சொல்லணும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. சொல்வதற்கு இருந்ததையெல்லாம்தான் ஏற்கெனவே அனுப்பித் தொலைத்தாயிற்றே. "சரி, வச்சிடறேன்" என்றேன். அவளும் தடுக்கவில்லை.

வீடு வெறிச்சென்று இருந்தது. அவளுடைய பழைய மெசேஜ் ஒன்றைப் போட்டேன்.

"எக்கா, கேட்டுகினு கீறியா?" என்றாள்.

"கேட்டுகினுதாண்டி கீறேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள்.