நான் அழித்த மழை

நீங்கள் சிரிக்கலாம், தாராளமாகச் சிரியுங்கள், இந்த மாதிரிக் கதை சொன்னவர்களைப் பார்த்து நானும் வாய்விட்டுச் சிரித்தவன்தான். பேய், முனி, குறி கேட்பது எதுவும் எனக்கு ஆகாது. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் வேலை. காலையில் மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளந்து புத்தகத்தில் எழுதி, அந்த எண்ணை மாத்தளை அரசாங்க ஆபீசுக்குப் போனில் சொல்வதும் என் பொறுப்பு. எண் ஓர் அளவைத் தாண்டினால், மண்சரிவுக்குப் பயந்து, மலைச்சரிவில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் மேல் லயத்து ஆட்களை இறக்கிப் பள்ளிக்கூடத்தில் வைப்பார்கள்.

ஆபீஸ் அலமாரியில் பழைய மழைப் புத்தகங்கள் அடுக்கடுக்காய்க் கிடந்தன. வெள்ளைக்காரன் காலத்துக் கிளாக்கர் ஒருவர் ஓரக் கட்டத்தில் பென்சிலால் தமிழில் குறித்து வைத்திருந்தார். எந்த வருஷம் மிளகு பூக்காமல் போனது, எந்த மழையில் பாலம் அடித்துப் போனது, எந்த மாதம் வாந்திபேதியில் லயமே காலியானது, எல்லாம் இருக்கும். எங்கள் தோட்டத்துச் சரித்திரம் என்று வேறெதுவும் இல்லை. கதைப் புத்தகங்கள்கூட எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மழைப் புத்தகங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு மேல் லயத்துக்குப் போய் அக்காவுக்கு வாசிப்பேன். என்னை வளர்த்தவள் அவள்தான், படிக்கத் தெரியாது. அம்மா இறந்த அந்த ஒற்றை அறைக் காம்பராவை விட்டு என் குவாட்டர்சுக்கு வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவள்.

அந்தத் தீபாவளிக்கு இரண்டு நாள் லீவு, இரண்டு நாளும் விடாத மழை. நான் மழைமானிப் பக்கமே போகவில்லை. லீவு நாள் மழையைக் குத்துமதிப்பாக எழுதுவது எங்கள் ஆபீசில் எல்லோரும் செய்து வந்ததுதான். மூன்றாம் நாள் நான் ஆபீசுக்குக் கிளம்பவே மத்தியானமாகிவிட்டது, அதற்குள் எண்கள் எங்கே என்று மாத்தளையிலிருந்து கேட்டுவிட்டார்கள். ஆபீசைத் திறந்து புத்தகத்தைப் பிரித்தால், நம்பினால் நம்புங்கள், ஏற்கெனவே எழுதியிருந்தது.

பென்சில் எழுத்து. எண்கள் இரண்டும் மூன்று இலக்கம். பக்கத்தில், “மலை இறங்கும். மேல் லயத்தில் ஆள் இருக்கிறது.” இன்று யாரும் எழுதாத, தும்பிக்கை வைத்த பழைய ‘லை’. பதினைந்து வருஷம் ஓரக் கட்டத்தில் நான் வாசித்த கையெழுத்து அது. ஆபீசுக்கு ஒரே சாவி, அது என் இடுப்பில் இருந்தது.

எனக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஜன்னல் வழியே எவனோ புகுந்து விளையாடியிருக்கிறான் என்று வாட்சரைப் பிடித்துக் கத்தினேன்.

“எவன்யா இதுல கிறுக்குனது?”

“ஐயோ கிளாக்கரய்யா, எனக்கு எம்பேரே எழுத வராதுங்க!”

போன வருஷம் நான் சொன்ன எண்ணால் சனங்களை இறக்கினார்கள், மலை அசையக்கூட இல்லை. “நல்ல நாளும் பெரிய நாளுமா எங்கள பள்ளிக்கூடத்துல போட்டுட்டீங்களே” என்று மாசக்கணக்கில் திட்டு வாங்கினேன். அந்தக் கடுப்பில் ரப்பரை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்து, மேலே பேனாவால் சின்ன எண்கள் இரண்டை எழுதி, அதையே போனில் சொல்லிவிட்டேன். மேல் லயத்தில் அக்கா இருக்கிறாள் என்று தெரிந்துதான் செய்தேன், பாவி.

ஆனாலும் மனசு கேட்காமல் அக்காவுக்குப் போனில் ஒரு கோல் எடுத்தேன்.

“கொஞ்சம் எறங்கி வந்துரு அக்கா.”

“கால் வீங்கிக் கெடக்குடா தம்பி, இந்த வழுக்கல்ல எங்க எறங்குறது? நீ சாப்டியா?”

“இந்தா, நாலு பேர அனுப்புறேன், தூக்கிட்டு வந்துருவாங்க.”

“சும்மா இரு. நாலு பேரு தூக்குறதுக்கு நா என்ன பொணமா?”

சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். நானும் விட்டுவிட்டேன். மற்ற வீட்டுக்காரர்களெல்லாம் கீழே கோயிலுக்கு வந்திருந்த நேரம், அன்றைக்கு நாலு மணி இருக்கும், மலை இறங்கியது. ஆறு நாள் தோண்டினோம். அக்காவின் ஒரு சேலைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

பிறகு பக்கத்துத் தோட்டத்துக் கிளாக்கரிடம் அந்த இரண்டு நாள் மழையைக் கேட்டேன். நான் அழித்த எண்கள் அப்படியே, ஒரு புள்ளி மாறவில்லை.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் அழித்தது இரண்டு நாளை மட்டும் அல்ல. அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது, இன்னும் விடியாத மறுநாளுக்கு. எண் இல்லை, குறிப்பு மட்டும், நீளமாக. இருந்த கோபத்தில் அதை வாசிக்காமலே தேய்த்துவிட்டேன். அடியில் இருந்த தாளில் அழுத்தம் பதிந்திருக்குமே என்று பென்சிலைச் சாய்த்துத் தீட்டிப் பார்த்தேன், ஒரு தடவையல்ல, எத்தனையோ தடவை. முதல் சொல் மட்டும்தான் தெரிகிறது: “தம்பியிடம்”. அந்தக் கிளாக்கர் செத்து எத்தனையோ காலம். அவருக்கு என்னைத் தெரியாது. என்னைத் தம்பி என்று கூப்பிட அக்காவை விட்டால் உலகத்தில் ஆளில்லை. என்னிடம் என்ன சொல்லச் சொன்னாள்?