ஹாலில் எட்டடி இடம்

பெங்களூர் அல்சூரில் சங்கமித்ரா குடியிருக்கும் கட்டடத்தைக் கட்டியவருக்கும் சூரியனுக்கும் ஏதோ தீராத பகை இருந்திருக்க வேண்டும். இரண்டாவது மாடியில் அவளுடைய சொந்த வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே போக வேண்டிய சமையலறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் முகத்தில் இடிக்கும். நடுப்பகலிலும் டியூப்லைட் போட்டால்தான் அரிசியில் கல் தெரியும். லிஃப்ட் கிடையாது.

அவளும் அவள் கணவர் ஹெர்பர்ட்டும் கே.ஜி.எஃப். என்ற கோலார் தங்கவயல்காரர்கள். பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகும் காலை ரயிலில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவள் வீட்டில் புத்தர் படம், அவர் வீட்டில் ஏசு படம். புத்தரும் ஏசுவும் சண்டை போடவில்லை, சம்பந்திகள்தான் போட்டார்கள். ஒரே மகள் தீபிகா கனடாவில் நர்ஸ். சங்கமித்ராவுக்குக் கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கர் வேலை. கழுத்தில் டேப்பைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தைத்து வரும் சட்டைகளை நாள் முழுக்க அளந்து பார்ப்பாள். அளவில் அவளை ஏமாற்ற யாராலும் முடியாது என்று அங்கே பெயர்.

ஹெர்பர்ட்டுக்கு இதயம் தளர்ந்துபோயிருந்தது. டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, எந்த நேரமும் நின்றுவிடலாம், தயாராக இருங்கள் என்றார். எப்படித் தயாராவது என்று அவர் சொல்லவில்லை. அதை அவளுக்குச் சொன்னது மூன்றாவது மாடி லட்சுமம்மாவின் சாவு.

லட்சுமம்மாவைக் கீழே பார்க்கிங்கில் கிடத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் ஸ்கூட்டர்கள், இன்னொரு பக்கம் யாருடையதோ உறை போட்ட கார். மகள்கள் தலைமாட்டில் அழுதுகொண்டிருக்கும்போதே, ஆபீசுக்குப் போகும் பையன் ஒருவன் வந்து, "ஒந்து நிமிஷா அக்கா, காடி தெகிபேக்கு" என்று, வண்டி எடுக்க வேண்டும் எனக் கன்னடத்தில் சொல்லி அவர்களை எழுப்பிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனான். அவன் மேல் தப்பில்லை, அவனும் நேரத்துக்குப் போய் ஆபீசில் பஞ்ச் அடிக்க வேண்டும்.

மாடியேறி வந்த ஹெர்பர்ட் மூச்சு வாங்க உட்கார்ந்தார். "மித்ரா, என்ன அங்க போட்டுடாதடி. எனக்குன்னு ஒரு வீடு இருக்குது. இங்கயே வெய்யி" என்றார்.

அவர் அவளிடம் எதையும் கேட்டு வாங்கியவர் இல்லை. சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டால்கூட எழுந்து போய்த் தானே எடுத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் கேட்டதால் அவளுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. "சரி, இங்கயேதான்" என்று வாக்குக் கொடுத்தாள்.

லட்சுமம்மாவைக் கீழே வைத்ததற்கு வீட்டு நெருக்கடிதான் காரணம் என்று அவள் நினைத்தாள். அந்த வீட்டில் சோபா, கட்டில், இரண்டு பீரோ, பேரனின் சைக்கிள். கால் வைக்க இடமிருக்காது. சாவு வீட்டில் போய் ஏன் கீழே வைத்தீர்கள் என்று யார் கேட்பார்கள்? அவளும் கேட்கவில்லை. தன் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். இங்கும் அதே கதைதான்.

அடுத்த மாதமே வீட்டை உள்ளே இடித்து மாற்றிக் கட்ட அருண்குமார் என்ற இன்டீரியர்காரர் வந்தார். அவரிடம் அவள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. "நடு ஹால்ல எட்டடி இடம் காலியா வேணும். சுத்தி ஆளுங்க நிக்கணும். மத்தத நீங்க எப்படி வேணா பண்ணிக்கோங்க."

"நெறைய கெஸ்ட் வருவாங்களா மேடம்?"

"ஒரு நாளு வருவாங்க" என்றாள்.

ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவிலிருந்த சுவர் போனது. அந்த இடத்தில் மடக்குக் கதவு வந்தது. இழுத்தால் இரண்டு அறை, தள்ளினால் ஒரே கூடம். கட்டில் சுவரோடு மடங்கிக்கொண்டது, மேஜையும் அப்படியே. மாடிப்படிப் பக்கச் சுவரில் கண்ணாடிக் கற்கள் பதித்ததும் இத்தனை வருஷம் வெளியே நின்ற வெளிச்சம் உள்ளே வந்தது. நிறங்களை மட்டும் ஹெர்பர்ட்டிடம் விட்டாள். வெளிச்சத்துக்காகத்தான் இத்தனை வேலையும் என்று அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் ஒரு சுவருக்கு மாம்பழ மஞ்சள், இன்னொன்றுக்கு மயில்கழுத்துப் பச்சை, சமையலறைக்கு ரோஸ் என்று கல்யாணப் பெண்ணுக்குப் புடவை எடுப்பதுபோல் தேர்ந்தெடுத்தார்.

வேலை முடிந்ததும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. தபால்காரர் வந்தாலும் உள்ளே கூப்பிட்டுக் கட்டிலை மடக்கி விரித்துக் காட்டினார். வீடியோ காலில் மகளிடம், "பாரு பாப்பா, அப்பாவுக்கு அரண்மனை" என்றார். ஒருநாள் மஞ்சள் சுவருக்கு எதிரில் உட்கார்ந்து காபி குடித்தவர், "இந்த மாதிரி ஊட்ட உட்டுட்டு எப்படிடி போறது?" என்று கேட்டுச் சிரித்தார். சங்கமித்ரா டம்ளரைக் கழுவும் சாக்கில் எழுந்து போனாள். அவர் சாவதற்காக அவள் கட்டிய வீட்டில் அவருக்கு வாழ ஆசை வந்துவிட்டது. அந்த வேதனையை அவள் யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வாள்?

ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை, விரித்த கட்டிலிலேயே அவர் போய்விட்டார். காபியோடு வந்தவள் கூப்பிட்டுப் பார்த்தாள், தொட்டுப் பார்த்தாள், பிறகுதான் கத்தினாள்.

பிரேசர் டவுனிலிருந்து ஹெர்பர்ட்டின் தம்பி பீட்டர் ஓடி வந்தார். கனடாவிலிருந்து போனில் தீபிகா அழுதாள். "நாளன்னிக்குக் காலைல வந்துருவேம்மா. அப்பா மொகத்த பாக்காம எடுத்துராதீங்க."

"எடுக்க மாட்டோம் கண்ணு" என்று சங்கமித்ரா சொன்னாள். ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது. மடக்குக் கதவைத் தள்ளி ஹாலைத் திறந்து வைத்தாள். பெட்டி எங்கே வர வேண்டும், தலை எந்தப் பக்கம் என்று காட்டினாள். அந்தத் துக்கத்திலும், சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்ற ஒரு நிம்மதி அவளுக்கு இருந்தது.

பெட்டி முதல் மாடி தாண்டி வளைவில் நின்றுவிட்டது. சாய்த்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள். நிமிர்த்தினால் அடியிலுள்ள மெஷின் போய்விடும் என்றார் கொண்டுவந்தவர். "இது திரும்பாதும்மா. மூணாவது மாடி அம்மாவுக்கும் நான்தான் கொண்டாந்தேன். அப்பவும் இதே எடத்துல மாட்டிக்கினு, கீழ எறக்கிட்டோம்."

சங்கமித்ரா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்த வளைவையே பார்த்தாள். வீட்டுக்குள் அவள் டேப் போடாத இடம் இல்லை. இந்தப் படியில் ஒருமுறைகூடப் போடவில்லை.

பீட்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அண்ணி, பெட்டி இல்லாம, ஐஸ் வெச்சாக்கூட இந்த வெயில்ல தாங்காது. இன்னிக்கி சாயங்காலமே எடுத்துட்டா அண்ணன் ஊட்லேந்தே போவாரு. பாப்பா வரணும்னா கீழதான் வெக்கணும்."

"கீழ வெச்சிட்டு, அவ வந்தப்புறம் ஒரு மணி நேரமாவது மேல கொண்டாரலாம் இல்ல?"

வாசற்படி தாண்டின உடம்பைத் திரும்ப உள்ளே கொண்டுவரக் கூடாது என்று அவர் பக்கத்துப் பெரியவர்களும் சொன்னார்கள், அவள் பக்கத்துப் பெரியவர்களும் சொன்னார்கள். கல்யாணத்தில் ஒத்துப்போகாத இரண்டு கூட்டமும் இதில் ஒரே கட்சி.

எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு ஹெர்பர்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருக்குக் கொடுத்தது ஒரு வாக்கு, பெண்ணுக்குக் கொடுத்தது ஒரு வாக்கு. இரண்டில் ஒன்றை அவள் கையாலேயே முறிக்க வேண்டும். அவர் இனி எதையும் கேட்கப்போவதில்லை. பெண் ஆயுசுக்கும் கேட்பாள். அப்படி எண்ணியதற்காகத் தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. வாய்விட்டு அழுதாள்.

"உங்க பொண்ணு வர்றா. கோச்சிக்காதீங்க" என்று அவர் காதில் சொன்னாள். கதவைத் திறந்து, "எறக்குங்க" என்றாள்.

போர்வையில் தூக்கிக்கொண்டு போனார்கள். உடம்பு அந்த வளைவில் சுலபமாகத் திரும்பிவிட்டது. பார்க்கிங்கில் பத்துப் பதினைந்து வண்டிகளை ஒதுக்கிப் பெட்டியை வைத்தார்கள். வண்டிகள் வந்தன, போயின. ஒவ்வொரு முறையும் சங்கமித்ரா எழுந்து வழிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். மேலே வா என்று கூப்பிட்டவர்களிடம் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

தீபிகா வந்து கண்ணாடி மேல் விழுந்து அழுது தீர்த்தாள். பிறகு முகம் கழுவ மேலே போனவள், வெகு நேரம் கழித்து இறங்கி வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. குரலில் கோபம் இருந்தது.

"எவ்ளோ பெரிய ஹாலும்மா! அவ்ளோ எடத்த வெச்சிக்கினு அப்பாவ ஏம்மா இங்க வண்டிங்க நடுவுல போட்ட?"

உனக்காகத்தான் என்ற சொல் சங்கமித்ராவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் இந்தப் பெண் அதைக் கனடா வரைக்கும் சுமந்துகொண்டு போவாள், சாகும்வரை இறக்கி வைக்க மாட்டாள்.

"படியில பெட்டி திரும்பலம்மா."

"செவுத்த இடிக்கத் தெரிஞ்சுதில்ல? படிய அளந்து பாக்கத் தெரியலியா உனக்கு?"

பீட்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சங்கமித்ரா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அளக்கல கண்ணு. அம்மா தப்புதான்" என்றாள்.