பொட்டலத்தைப் பிரித்தவள்

எங்கள் குடும்பத்தில் ஒவ்வொருவருடைய வாழ்க்கையையும் சுருக்கி எழுதிவைக்கும் பொறுப்பை நான் ஏற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. பெரும்பாலோருக்குப் பிறப்பு, படிப்பு, வேலை, மணம் என்று அரைப் பக்கம் போதும். சித்தப்பா மகளுக்கு மட்டும் அது போதவில்லை. அவளை நாங்கள் எல்லோரும் ‘மைக்’ என்றே அழைக்கிறோம். பிறவியிலேயே ஓங்கிய குரல். பிறகு அமைந்த வேலையும் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. நாற்பதை நெருங்கிய வயதில் அவள் தன் கல்யாணத்தைப் பேசுவதற்குத் தானே கிளம்பிப் போன ஒரு பகற்பொழுதை இங்கே பதிவு செய்கிறேன். உடன் போனவர் சித்தி. தாய், மகள் இருவரிடமும் தனித்தனியே கேட்டு எழுதியிருக்கிறேன். இருவர் கூற்றும் முரண்படும் இடத்தில் இரண்டையும் தந்திருக்கிறேன்.

வெளிநாட்டுப் பயணிகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டுவது அவள் தொழில். ஒரே தெருவில் அடுத்தடுத்த கதவுகளுக்குப் பின்னால் வெவ்வேறு மொழியும் வெவ்வேறு வழிபாடும் குடியிருக்கும் நாடு எங்களுடையது. கட்டடங்களைக் காட்டுவதில் பெரிய வேலை ஒன்றும் இல்லை என்பாள். வீடுகளுக்குள் அழைத்துப் போவதுதான் வேலை. ஒரு வீட்டில் கோப்பையில் ஒரு வாய் தேநீரை மிச்சம் வைத்தால்தான் ‘போதும்’ என்று பொருள். பக்கத்து வீட்டில் மிச்சம் வைத்தால் பிடிக்கவில்லை என்று பொருள். ஒரு வீட்டில் குழந்தையைத் தொட்டுக் கொஞ்சினால் மகிழ்வார்கள். எதிர்வீட்டில் குழந்தையின் தலையில் கை பட்டால் முகம் சுருங்கிவிடும். இதையெல்லாம் பேருந்து சிக்னலில் நிற்கும் இடைவெளிகளில் சொல்லிச் சொல்லி, வந்தவர்களை ஒருவாறு மனிதர் வீட்டுக்குள் விடத் தகுந்தவர்களாக ஆக்கிவிடுவாள்.

சிலர் அளவுக்கு மேல் கற்றுக்கொள்வதும் உண்டு. நெட்டையான பெரியவர் ஒருவர், எந்த வாசலைக் கண்டாலும் காலணியைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

“மேடம், உங்க ஆளு பேங்க்குக்குள்ள வெறுங்காலோட போறாரு,” என்றார் ஓட்டுநர், கண்ணாடி வழியாகப் பார்த்தபடி.

“போகட்டும் விடுங்க. பேங்க்காரங்களுக்கும் ஒரு நாள் மரியாதை கெடைக்கட்டும்.”

“திரும்பி வரும்போது ஷூ இருக்கணுமே?”

“அதுக்குத்தானே உங்கள காவலுக்கு வெச்சிருக்கேன்!”

இந்த ஓட்டுநர்தான் பின்னால் எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஆகவேண்டியவர் என்பதால் அவரைப் பற்றியும் சொல்லவேண்டும். எந்த வளைவிலும் பதறிப் பிரேக்கை மிதிக்காத மனிதர். சொற்களையும் அப்படியே நிதானமாகத்தான் விடுவார். அவர்கள் சமூகம் வேறு, வீட்டில் பேசுகிற மொழியும் வேறு. ஆனால் நம் மொழியை நம்மைப் போலவே பேசுவார்கள். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவரைத் தையல் வேலை செய்து வளர்த்து ஆளாக்கியவர் அவருடைய அக்கா. பயணிகளை விடுதியில் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு மாலையில், காலிப் பேருந்தில், அவர் தன் மனத்தைத் திறந்தார்.

“மேடம், எங்க வீட்டுலயும் உங்களுக்கு ஒரு இடம் இருக்கு. வர்றீங்களா?”

மைக்குக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பேச்சு வரவில்லை. அது அவள் வாழ்க்கையில் அபூர்வம். கடைசியில், “உங்க அக்கா என்ன சொல்வாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“வரச் சொல்லு, பாக்கறேன்னாங்க.”

“வேணாம்னு சொல்லிட்டா?”

அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பதில் சொன்னார். “அக்கா மனசு கோணினா என்னால முடியாது மேடம். நான் பஸ் ஓட்டுவேன், நீங்க மைக் புடிப்பீங்க. அதோட சரி.”

ஆக, எல்லாம் அந்த ஒரு சந்திப்பில் இருந்தது. அதற்கு முந்தைய வாரம் முழுக்க மைக்கின் கால் தரையில் பாவவில்லை. புடவையை மாற்றினாள், மாற்றியதை மறுபடி மாற்றினாள். அவர்கள் சமூகத்து வீடுகளுக்குப் பயணிகளை எத்தனையோ முறை அழைத்துச் சென்றவள் அவள். முறைகள் யாவும் தலைகீழ்ப் பாடம். நிலைப்படியை மிதிக்காமல் தாண்டவேண்டும். வீட்டின் மூத்தவர் அமரும்வரை அமரக்கூடாது. தேநீரை முதல் தடவை வேண்டாம் என்று சொல்லி, இரண்டாம் தடவை ஏற்கவேண்டும். சமையலறைப் பக்கம் பார்வைகூடப் போகக்கூடாது. எல்லாவற்றையும் சித்தியை வைத்து ஒத்திகை பார்த்தாள்.

“பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு நாமதாண்டி பலகாரம் குடுப்போம். நீ என்னமோ பரீட்சை எழுதப் போற மாதிரி பறக்கறே,” என்றார் சித்தி.

“அம்மா, நீ வாயத் திறக்காம வந்தாப் போதும். ஒரு தப்பு நடக்கக் கூடாது, ஆமா.”

அக்காவின் வீடு சந்தைக்குப் பின்புறத் தெருவில் இருந்தது. ஓட்டுநர் இருவரையும் உள்ளே அனுப்பிவிட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டார். முன்னறை முழுவதும் தையல் வேலை: சன்னலை ஒட்டி இரண்டு இயந்திரங்கள், நாற்காலிமேல் பாதி தைத்த பள்ளிச் சீருடைகளின் குவியல், தரையெங்கும் நூல் துணுக்கும் சாக்பீஸ் தூளும். இஸ்திரிப்பெட்டியின் சூடு இன்னும் அடங்கியிருக்கவில்லை. அக்கா உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டு எழுந்தார். குட்டையான உருவம்; எதையும் ஒரு பார்வையில் அளந்துவிடும் கண்கள்.

“வாங்க. உக்காருங்க.”

“நீங்க மொதல்ல உக்காருங்க,” என்றாள் மைக்.

அக்காவின் புருவம் சற்று உயர்ந்தது. அமர்ந்தார்.

“டீ குடிக்கிறீங்களா?”

“பரவாயில்லீங்க, வேணாம்.”

“எனக்கு சர்க்கரை தூக்கலா போடுங்க,” என்றார் சித்தி.

மைக் தாயின் தொடையில் கிள்ளினாள். சித்தி “ஸ்ஸ்” என்றார். அக்கா அந்தப் பக்கம் பார்த்து லேசாகச் சிரித்ததாகச் சித்தி சொல்கிறார். மைக் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தாள்.

“கொஞ்சமாவது குடிங்களேன்.”

“சரிங்க.”

தேநீர் வந்தது. பூப்போட்ட கோப்பைகள், அடித்தட்டோடு. மைக் இரு கைகளாலும் வாங்கினாள், சத்தமின்றிக் குடித்தாள், அந்த வீட்டு முறைப்படி சொட்டு மிச்சமின்றிக் காலிசெய்து, கைப்பிடி வலப்புறம் இருக்கும்படி வைத்தாள். தைத்த துணிகளைப் பாராட்டினாள், ஆனால் எதையும் தொடவில்லை. குரலைக்கூடப் பாதியாகக் குறைத்திருந்தாள். உள்ளுக்குள் அவளுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. எல்லாம் அச்சு மாறாமல் நடந்துகொண்டிருந்தது.

“எங்க பழக்கமெல்லாம் நல்லா தெரிஞ்சு வெச்சிருக்கீங்க,” என்றார் அக்கா.

“என் வேலையே அதுதாங்க.”

“ஆமா. தம்பி சொன்னான்.”

அதற்குமேல் அக்கா எதுவும் கேட்கவில்லை. சம்பளம், குடும்பம், சமையல் தெரியுமா, எதுவும் இல்லை. தெருவின் வெயிலைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு எழுந்து உள்ளே போய், மூலைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்ட ஒரு சிறு துணிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

அதைக் கண்டதும் வாசற்படியில் நின்றிருந்த ஓட்டுநரின் முகத்தில் ஈயாடவில்லை. சித்தியோ, “எதுக்குங்க இதெல்லாம்!” என்று முகம் மலர்ந்தார். ஆனால் மைக்குக்கு அது என்னவென்று தெரியும். அந்த வீடுகளில் விருந்தாளிக்குப் பலகாரப் பொட்டலம் கொடுப்பது விடைகொடுப்பதற்கு அடையாளம். “இரு கைகளாலும் வாங்குங்கள், அங்கே பிரிக்காதீர்கள், நன்றி சொல்லி உடனே எழுந்துவிடுங்கள், வந்த விருந்தாளி நல்லபடியாகத் திரும்பிப் போகிறார் என்று பொருள்” என்பது அவள் பேருந்தில் சொல்லும் வழக்கமான பாடம். நல்லபடியாக. திரும்பிப் போகிறார். ஒரு குறையும் இல்லாத விருந்தாளியை, ஒரு குறையும் இல்லாமல், அக்கா வழியனுப்பிவைக்கிறார்!

அவள் இரு கைகளையும் நீட்டிப் பொட்டலத்தை வாங்கினாள். எழுந்து நின்றாள். வாசல் இடப்புறம் இருந்தது. சமையலறையின் திரைச்சீலை வலப்புறம். அந்த வீட்டைச் சேர்ந்தவர்கள் தங்கள் வீட்டில் எப்படி நடந்துகொள்வார்கள் என்று எந்தப் பயணியும் அவளிடம் கேட்டதில்லை. எந்த வீடும் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் விருந்தாளி செய்யக்கூடாதவை மட்டுமே.

முடிச்சை அவிழ்த்தாள். எல்லோர் கண்ணெதிரிலும், நின்ற இடத்திலேயே, பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“ஏண்டி! மானத்த வாங்காதடி!” என்று சித்தி அலறினார்.

“பசிக்குதும்மா! காலையிலேர்ந்து பயத்துல ஒரு வாய் சோறு எறங்கல,” என்றாள் மைக், பேருந்தின் கடைசி இருக்கைவரை கேட்கும் தன் சொந்தக் குரலில். “அக்கா, தட்டு எங்க இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

உள்ளே ஏதோ ஒரு தகர டப்பா திறக்கிற ஓசை கேட்டது.

“ஏய்! அந்த பிஸ்கட் டப்பாவத் தொடாத!” என்று கத்தியபடி அக்கா உள்ளே பாய்ந்தார். “அதுல ஊசி இருக்கு!”

“பிஸ்கட் டப்பால பிஸ்கட் வெக்காம யாராவது ஊசி வெப்பாங்களா?”

“தையக்காரி வீட்டுல பின்ன என்ன வெப்பாங்க? தட்டு மேல் அலமாரில இருக்கு. அது இல்ல, அது ஓட்ட. அடுத்தது. கையக் கழுவினியா?”

“இல்ல.”

“கழுவாமத்தான் என் பலகாரத்தத் தின்னியா? பல்லால முடிச்ச அவுக்கறா, கையக் கழுவாமத் திங்கறா, ஊருக்கெல்லாம் மைக்குல மரியாதை சொல்லித்தர்றாளாம்!”

இந்த இடத்தில் அக்கா சிரித்துக்கொண்டே திட்டினார் என்பது சித்தியின் கூற்று. சிரிக்கவே இல்லை, நெருப்பாகத் திட்டினார் என்பது மைக்கின் கூற்று. திட்டத் திட்டத் தனக்கு உச்சி குளிர்ந்ததாகவும் அவளே சொல்கிறாள். அந்தச் சமூகத்து வீடுகளுக்கு அவள் கூட்டிப்போன எந்த விருந்தாளியும் அப்படி ஒரு திட்டு வாங்கியதில்லை.

சற்று நேரத்தில் சமையலறைத் தரையில் மூவரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சோற்றுப் பானை நடுவே வந்தது. தேநீருக்குக் கொடுத்த பூப்போட்ட கோப்பைகள் மறைந்து, விளிம்பு நசுங்கிய டம்ளர்கள் வந்தன.

“உன்னப் பாத்து பயந்துட்டேன், தெரியுமா?” என்றார் அக்கா, மைக்கின் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்துக்கொண்டே. “ஒரு தப்பு பண்ணல நீ. தப்பே பண்ணாதவளோட ஒரே வீட்டுல நான் எப்படி இருக்கறது? நாள் பூரா நான்தான முதுக நிமித்தி உக்காரணும்!”

“நானும்தாங்க பயந்துட்டேன்,” என்றார் சித்தி. “நான் பெத்த பொண்ணா இதுன்னு.”

“உங்கள எனக்கு அப்பவே புடிச்சிருச்சு. சர்க்கரை தூக்கலா கேட்டீங்க பாருங்க, அங்கயே.”

“கேட்டேன். நீங்க கம்மியாத்தான் போட்டீங்க.”

“டேய் தம்பி!” என்று அக்கா வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “அங்க என்ன செலை மாதிரி நிக்கற? உள்ள வந்து சாப்புடு. இல்ல, வேணாம், மொதல்ல கடைக்குப் போய் ஜாக்கெட் கொக்கி வாங்கிட்டு வா. பெரிய சைஸ்.”

“எதுக்குக்கா?”

“எதுக்கா? கல்யாணத்துக்கு இவ என்ன, உன் சட்டையவா போட்டுக்குவா?”

ஓட்டுநர் திரும்பினார். எந்த வளைவிலும் நிதானம் தவறாத அந்த மனிதர் நிலைப்படியில் கால் தடுக்கி, விழுந்து எழுந்து, தெருவில் ஓடியதாக இருவருமே சொல்கிறார்கள். இதில் முரண்பாடு இல்லை.

கை கழுவியதும் அக்கா மைக்கை முன்னறையில் நிறுத்தி அளவெடுக்கத் தொடங்கினார். கல்யாண ரவிக்கைக்குக் கை முழங்கைவரை வரவேண்டும், அதுதான் தங்கள் வழக்கம் என்றார் அக்கா. தங்கள் பக்கம் குட்டைக் கைதான் என்றார் சித்தி. வெயில் காலத்தில் பேருந்தில் ஏறி இறங்குகிறவளுக்குக் கையே வேண்டாம் என்றாள் மைக். “நீ பேசாத, கையத் தூக்கு,” என்று இருவரும் ஒரே குரலில் அவளை அதட்டினார்கள். அவள் கையைத் தூக்கினாள், பேசுவதை நிறுத்தவில்லை. ஓட்டுநர் கொக்கிகளோடு திரும்பி வந்தபோதும் சத்தம் தெருமுனைவரை கேட்டுக்கொண்டிருந்தது.