அழுகைக்கு எரியும் விளக்கு

மகள் அழுதால் என் மனைவிக்குக் கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பாள். பிள்ளை அழும்போது நான் போய் அவள் தோளைத் தொடுவேன். ஓடிவந்து தூக்குவாள். தூக்கியதும் ஒவ்வொரு முறையும் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பாள். எனக்கு அது தாங்காது.

மறுநாளோடு என் விடுப்பு முடிகிறது. நான் ஆயர் குரோவில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் ஃபெக்டரிக்கு வேலைக்குப் போய்விட்டால் தோளைத் தொட ஆள் இல்லை. அதனால் தொட்டிலருகே ஒரு மைக் வைத்து, அழுகை கேட்டால் கூடத்தில் விளக்கு எரியும்படி மைக்ரோகண்ட்ரோலர் என்கிற சின்னச் சில்லு ஒன்றுக்கு நிரல் எழுதியிருந்தேன். முதலில் விளக்கு பக்கத்துக் கம்போங் செட்டிக் கோயில் மணிக்கும் எரிந்தது. அதைத் திருத்தினேன். சமையலறையிலும் கொல்லையிலும் விளக்கு வேண்டும் என்றாள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக யார் திருத்துவது? எல்லா விளக்குக்கும் பொதுவான பகுதியை லைப்ரரி என்கிற தனிக் கோப்பாகப் பிரித்து எழுதினேன்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். திரை முழுக்கச் சிவப்பு எரர். நேற்றுவரை ஓடிய அதே வரிகள்! நிரலைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலரை மலாயிலும் தமிழிலும் திட்டினேன். அவளுக்குக் கேட்காது என்கிற தைரியம். உதட்டைப் படிப்பவள் வாசலில் நிற்கிறாள் என்பதைக் கவனிக்கவில்லை.

அவளும் அதே ஃபெக்டரியில் மின்சுற்றுப் பலகைகளைச் சோதித்தவள்தான். தேநீரை வைத்துவிட்டுச் சொன்னாள்: “மொத எரர மட்டும் பாருங்க. மத்ததெல்லாம் அது பெத்த பிள்ளைங்க.”

பார்த்தேன். விளக்கை எரியவைக்கும் கட்டளையையே தெரியாது என்றது. அப்புறம்தான் உறைத்தது. அந்தக் கட்டளைகள் இருக்கும் அடிப்படைக் கோப்பை, முதன்மை நிரலில் நிரல் எழுதும் கருவியே சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்ளும். லைப்ரரியில் நாம்தான் சேர்க்க வேண்டும். கருவி ஊட்டி ஊட்டிச் செல்லமாக வளர்ந்தவர்கள் விழுகிற குழி அது. மேலே ஒரு வரி சேர்த்தேன், அத்தனை சிவப்பும் போனது.

சோதிக்கலாம் என்றால் பிள்ளை அசந்து தூங்குகிறது. லேசாகக் கிள்ளட்டுமா என்றேன். முறைத்தாள். சமையலறைக்குப் போய்ப் பயற்றங்காய் நறுக்கினாள், கண்ணெல்லாம் விளக்கில்.

ஒருவழியாகப் பிள்ளை அழுதது. தொட்டில் எனக்குத்தான் பக்கம். எழாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழாமலிருப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

ஈரக் கையோடு ஓடிவந்தாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தாள். அன்று மன்னிப்புக் கேட்கவில்லை.

“கேட்டுச்சு கண்ணு,” என்றாள். “அம்மாவுக்குக் கேட்டுச்சு.”