வெள்ளை வில்லையில் ஒரு கட்டைவிரல்

பால்பவுடர் ஆலையில் அவளை எல்லாரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தலை நரைத்த மேலாளருக்கும் அவள் அக்காதான். ஆனால் சோதனைக்கூடத்து மிஷின் முதலில் அவளுடையதல்ல, அவள் புருஷனுடையது. சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி இருக்கிறது. மிஷின் அதைப் பவுடர்மேல் பாய்ச்சி, பட்டுத் திரும்புவதை அளந்து, கொழுப்பு இவ்வளவு, ஈரம் இவ்வளவு என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும். பக்கத்து அறையில் அவள் அதே கொழுப்பை அமிலம் ஊற்றி, கண்ணாடிக் குழாயைச் சுழலவிட்டு, அரை நாள் மெனக்கெட்டுக் கண்டுபிடிப்பாள். "என்ன, உன் சமையல் ஆச்சா?" என்று அவர் கதவோரம் வந்து நின்று வம்புக்கு இழுப்பார். இரண்டு எண்ணும் ஒத்துப்போய்விட்டால் அன்றைக்கு முழுக்க மனுஷனுக்கு வாயெல்லாம் பல்தான்.

ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பியவர், பேருந்து நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான், எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து வந்தவளை மிஷினில் உட்காரவைத்தார்கள். அவளுடைய அமில அறையைப் பூட்டிவிட்டார்கள். மிஷின் இருக்கும்போது இரட்டை வேலை எதற்கு என்று மேலாளருக்கு ஒரு எண்ணம். சிக்கனம் என்று வந்துவிட்டால் அவருக்கு மூளை இரண்டு மடங்கு வேகமாக வேலை செய்யும்.

தினமும் காலையில் மிஷினுக்கு வெள்ளை என்றால் எது என்று காட்டித்தரவேண்டும். அதற்கென்று உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளை வில்லை, மூடி போட்ட பெட்டிக்குள் இருக்கும். அதை வைத்து ஒருமுறை அளந்த பிறகுதான் மற்றதெல்லாம். புருஷன் அதைத் தொடும்போது கையுறை போட்டுக்கொள்வார். பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஓரத்தைப் பிடித்து எடுப்பார். வாரம் ஒருமுறை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைப்பார். அவளுக்கும் இதெல்லாம் தெரியும். ஆனாலும் அவள் கையுறை போடவில்லை. வீட்டில் அவருடைய சட்டைகளைத் துவைத்தாகிவிட்டது, தலையணையில் வாசனையும் போய்விட்டது. அவர் கடைசியாகத் தொட்ட பொருள் என்று மிஞ்சியது அந்த வில்லைதான். அதை வெறும் கையால் தொட்டால்தான் தொட்ட மாதிரி இருந்தது.

சில நாட்களில் கோடு வந்தது. திரையில் ஓடும் வரைபடத்தில், கொழுப்பு தெரியும் இடத்தில், அடுத்தடுத்து இரண்டு சின்னப் பள்ளங்கள். எந்தப் பவுடரை வைத்தாலும் அதே இடத்தில் அதே பள்ளம். ஈரம் பார்க்க வைத்த வெறும் சர்க்கரையிலும் இருந்தது. வில்லையை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஓரத்தில் மங்கலாக ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.

மறுநாள் வீட்டிலிருந்து அவருடைய தலைக்கு வைக்கிற எண்ணெயைக் கொண்டுவந்து ஒரு சொட்டு அளந்து பார்த்தாள். வரைபடத்தில் எங்கே பள்ளமோ, எண்ணெயில் அங்கே மேடு. எந்த எண்ணெயை வைத்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் தெரிந்தது ஒரு பக்கம் கிடக்க, மனசு வேறு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசி நாள் அவருக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும், கையுறை போட மறந்திருப்பார், விரல் பதிந்துவிட்டது. இப்படி ஒரு கதை கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து துடைக்கும் துணி அலமாரியை விட்டு வெளியே வரவில்லை. காலையில் அறைக்குள் நுழைந்ததும், "வந்துட்டேங்க" என்பாள். திரையில் பள்ளம் விழும். பதில் சொன்னதாக எடுத்துக்கொள்வாள்.

வில்லையில் எண்ணெய் இருந்தால் மிஷின் அதையும் வெள்ளை என்றே நம்பிவிடும். பிறகு வைக்கிற பவுடரில் அந்த எண்ணெயின் அளவைக் கழித்துத்தான் கணக்குச் சொல்லும். இருக்கிற கொழுப்பு குறைந்ததாகத் தெரியும். பவுடரில் கொழுப்பு குறைகிறது என்றால் பாலிலிருந்து யாரோ கிரீமைக் கடத்துகிறார்கள் என்று அர்த்தம். ஆலையில் கிரீம் அறைச் சாவி ஒரே ஒருவரிடம்தான்.

கிரீம் அறைக்காரர் அவள் புருஷனின் கூட்டாளி. அவளை அண்ணி என்பார். வாசலில் வந்து இறங்கும் ரசாயன டிரம்களை, மூடியைத் திறக்காமலே உள்ளே என்ன திரவம் என்று சொல்லும் லேசர் துப்பாக்கி ஒன்று அவளிடம் உண்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம், "நம்ம மேலாளர் மண்டையில வச்சு ஒரு தடவை அழுத்துங்க அண்ணி, உள்ளே ஏதாவது இருக்கான்னு பார்ப்போம்" என்பார். அப்படிச் சிரித்துக்கொண்டு திரிந்தவர் ஒரு சாயங்காலம் முகம் சுருங்கி வந்து நின்றார். வரும் திங்கட்கிழமை விசாரணையாம். விசாரணை என்பது பெயருக்குத்தான், திருடன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வீட்டில் பெண் கல்யாணத்துக்கு நிற்கிறாள். திருடன் மகள் என்று பெயர் வந்தால் அவளை யார் எடுப்பார்கள் என்று கேட்டார்.

"அண்ணி, அந்த மிஷின் தப்பாச் சொல்லுமா?"

அவள் பெட்டிமேல் கை வைத்தபடி நின்றாள்.

"சொல்லாது தம்பி" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவள்மேல் அவருக்குச் சந்தேகம்கூட வரவில்லை, அதுதான் அவளைக் கொன்றது. அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். உயிரோடு இருக்கிறவன் வயிற்றில் அடித்தா செத்தவரை வைத்துக்கொள்வது என்று மனசு குத்தியது. துடைத்துவிட்டால் அவர் போய்விடுவார் என்று அதே மனசு அழுதது. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும், அறையில் யாரோ மூச்சுக் காட்டாமல் நின்று அவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவளே மேலாளரைக் கூட்டிவந்தாள். வில்லையை அவர் கையிலேயே கொடுத்துக் கறையைக் காட்டினாள். அதைக் கண்டும் துடைக்காமல் விட்டது தன் தப்பு என்றாள், ஏன் விட்டாள் என்று சொல்லவில்லை. பூட்டிய அறையைத் திறக்கச்சொல்லி, அதே பவுடரை அமிலம் ஊற்றி அளந்து காட்டினாள். கொழுப்பு சரியாக இருந்தது. மேலாளர் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். கிரீம் அறைக்காரர்மேல் இருந்த பழி அன்றே நீங்கியது. அவர் சோதனைக்கூடத்து வாசலில் வந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

எல்லாரும் போன பிறகு அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, துணியை நனைத்து, வில்லையைத் துடைத்தாள். ஒரே இழுப்பில் போய்விட்டது. இத்தனை மாதம் இருந்தது இவ்வளவு லேசாகப் போகும் என்று அவள் நினைக்கவில்லை. வில்லையை வைத்து அளந்துவிட்டு, சர்க்கரையை வைத்து ஓட்டினாள். கோடு அந்த இடத்தில் பள்ளமில்லாமல் ஓடியது. இரண்டாம் தடவை அவர் செத்துப்போன மாதிரி இருந்தது. மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

மறுநாள் காலையில் அவள் அறைக்குள் நுழைந்து எதுவும் சொல்லவில்லை. பழக்கத்தில் வெறும் கையாலேயே வில்லையை எடுத்து வைத்தாள். மிஷின் ஓடியது. முதல் பவுடரை வைத்தாள்.

பள்ளம் விழுந்தது. அதே இரண்டு பள்ளம், அடுத்தடுத்து.

பயந்தாளா, சந்தோஷப்பட்டாளா என்று கேட்டால் இரண்டும்தான். "வந்துட்டீங்களா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். வில்லையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். அதே ஓரம், அதே கட்டைவிரல். அதன்மேல், தான் பிடித்திருந்த பிடியில், அவளுடைய கட்டைவிரல் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

விரலை எடுத்துப் பார்த்தாள். நுனி மினுமினுத்தது. முகர்ந்தாள். அவருடைய எண்ணெய்தான். தலையணையில் வாசனை போன நாளிலிருந்து அவள்தான் தினமும் காலையில் அந்த எண்ணெயைத் தன் தலையில் தேய்த்து வாரிக்கொண்டு வேலைக்கு வருகிறாள்.

அவர் கையுறையை மறக்கவே இல்லை. வேலைக்கு வந்த கடைசி நாளிலும் ஓரத்தைப் பிடித்து எடுத்து, துடைத்து, மூடிவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அந்த மனுஷன் இந்த அறையில் தன்னுடையதென்று ஒரு விரல்கூட விட்டுவைக்கவில்லை. இத்தனை மாதமாக அவள் காலை வணக்கம் சொன்னது தன் கைக்குத்தான். ஒரு நல்லவனைத் திருடனாக்கப் பார்த்ததும் அதே கைதான்.

வெளியே கிரீம் அறைக்காரர் யாரிடமோ சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு போனார். அவள் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, எண்ணெய்ப் பிசுக்குப் போகும்வரை கையைத் தேய்த்தாள். அதன் பிறகு, முதல் தடவையாக, அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.