ஆட்டிப் பார்த்தால் தெரியும்

தனுவச்சபுரத்தில் விஜயதாஸ் மாமா பிளம்பர். நான் பார்த்த நாளிலிருந்து ஒரே பைக். அதற்கு அவர் பெட்ரோல் ஊற்றுவது எல்லைக்கு அப்புறம், தமிழ்நாட்டுக் களியக்காவிளை பங்கில் மட்டும். அங்கே விலை குறைவு. பெட்ரோல் மீட்டர் செத்துப் பல காலம். பைக்கைத் தொடைகளுக்கு நடுவில் வைத்து ஆட்டுவார், டாங்கில் தளும்பும் சத்தத்துக்குக் காது கொடுப்பார்.

“களியக்காவிளை வரைக்கும் உண்டு. ஏறுலே,” என்பார் மகன் ஜெனிலிடம்.

பாதி வழியில் வண்டி நின்றுபோகும். அப்பனும் மகனும் சிரித்துக்கொண்டே தள்ளுவார்கள்.

“ஒங்க காதுல சளியாக்கும்,” என்பான் ஜெனில்.

“நின்னா தள்ளணும். அதுக்கென்னலே?”

அந்த ஜெனில் விமானம் ஓட்டப் படிக்க, நான் வேலை செய்யும் நாட்டுக்கே வந்தான். சிறிய விமானம், இரண்டு இறக்கையிலும் டாங்க். அதிலும் மீட்டரை நம்பக்கூடாது. ஏணி வைத்து ஏறி, மூடியைத் திறந்து, அளவுக்குச்சியை விட்டு நனைந்த இடத்தைப் பார்க்க வேண்டும். போன மார்ச்சில் அவன் தனியாகப் பறந்த அன்று குச்சி இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. ஆபீசுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். இறக்கையைப் பிடித்து ஆட்டி, காது வைத்துக் கேட்டுவிட்டு ஏறினான் என்று கூடப் படித்த ஒருவன் என்னிடம் சொன்னான். ஊருக்கு வெளியே, ஆகாயத்தில், எஞ்சின் நின்றது.

சவப்பெட்டியோடு நான்தான் வந்தேன். அந்தப் பையன் சொன்னதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை. அதன்பிறகு மாமா போனில் கேட்டதெல்லாம் ஒன்றுதான். மிஷின் பிழையா, மகன் பிழையா? அவர் நம்பர் வந்தால் பல நேரம் எடுக்காமல் விட்டுவிடுவேன். இந்த லீவில் நேரில் போகாமல் இருக்க முடியவில்லை.

முற்றத்தில் பைக் பக்கத்திலேயே நாற்காலி போட்டார்.

“மிஷினுதானே மக்கா? அத மட்டும் சொல்லு, போரும்.”

“விசாரணை முடியல்ல மாமா.”

“அது கெடக்கட்டும். அவன் பெட்ரோலு பாத்தானா?”

“பாத்தான்.”

“எப்படி?”

என் கண் பைக்கின் மேல் போய்விட்டது. அவரும் அதைப் பார்த்தார்.

“ஆட்டிப் பாத்தானாக்கும்.”

தலையசைத்தேன். உள்ளே சத்தியபாய் மாமி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

“சரியா பாக்கணும்னா?”

“குச்சி விட்டுப் பாக்கணும் மாமா.”

எழுந்து போய், சுவரோரம் கிடந்த துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார். டாங்க் மூடியைத் திறந்து உள்ளே விட்டு எடுத்தார். நுனியில் நகமளவு ஈரம். வெயிலில் அது காயும்வரை கண்ணை எடுக்காமல் நின்றார்.

“குச்சி விட்டுப் பாக்க இவ்வளவு நேரந்தானா ஆவும்?” என்றார்.